ராயபுரத்துக்கு ராமானுஜனைக் கொண்டுவந்தவருக்கு

மதிப்புக்குரிய பி.கே. சீனிவாசன் சார் அவர்களுக்கு,

நான் உங்களிடம் படித்தவள் அல்ல. உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. 2005இல் நீங்கள் மறைந்த பிறகுதான் உங்கள் பெயரையே சரியாகத் தெரிந்துகொண்டேன். திருவொற்றியூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். காரணிகள் என்ற பாடத்தை என் வகுப்புப் பிள்ளைகள் இன்று கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள் என்றால் அதில் உங்கள் பங்கு பெரிது. அந்த நன்றியை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

உங்களை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சில வரிகள். நீங்கள் ஜார்ஜ் டவுனில், முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தவர். அந்தப் பள்ளியிலிருந்துதான் 1968இல் ராமானுஜன் நினைவு மலர் இரண்டு தொகுதிகளாக உங்கள் பதிப்பில் வெளிவந்தது. ராமானுஜனின் கடிதங்களும், அவரோடு பழகியவர்களின் நினைவுகளும் முதல் தொகுதியில் இருக்கின்றன. பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு வீடாகக் கேட்டு, தபால் எழுதி, சேர்த்துக் கொடுத்தார். பிற்பாடு ராமானுஜனின் வாழ்க்கையை எழுத வந்தவர்கள் அந்தத் தொகுதியைப் புரட்டாமல் எழுதியதில்லை. அப்புறம் 1993இல், ராயபுரம் சோமு செட்டி சந்தில், தொழிலதிபர் போஸ் அவர்களின் ஔவை கலைக்கழக வளாகத்தில், ராமானுஜன் அருங்காட்சியகத்தையும் கணிதக் கல்வி மையத்தையும் தொடங்கினீர்கள்.

முதல் நன்றி இடத்துக்கு.

பெரிய மனிதர்களுக்கான அருங்காட்சியகம் என்றால் கடற்கரைச் சாலையிலோ கிண்டியிலோ இருக்கும் என்பதுதான் நம் ஊர் வழக்கம். எங்கள் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வேறு ஊர். இரண்டு பஸ் மாறிப் போகிற இடத்துக்கு, காலையில் காசிமேட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பும் அம்மாவோ, துறைமுக கேட்டில் வண்டியோடு காத்துக்கிடக்கும் அப்பாவோ எந்த நாளில் அழைத்துப் போவார்கள்? நீங்கள் ராமானுஜனை அவர்கள் தெருப்பக்கம் கொண்டுவந்து வைத்தீர்கள். யோசித்துப் பார்த்தால் அது நியாயமும்தான். 1912 மார்ச் 1ஆம் தேதி, மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்தது இதே சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில். அவர் குடியிருந்தது பக்கத்தில், ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலித் தெருவில். தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பேசினார். 1913 ஜனவரி 16ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், தன்னைத் துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்றுதான் ராமானுஜன் அறிமுகப்படுத்திக்கொண்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டுச் சோறு ஏதோ ஒரு வகையில் துறைமுகத்திலிருந்து வருகிறது. "அவரும் ஹார்பர்லதான் வேலை பாத்தாரா?" என்று அவர்கள் கேட்கும்போது குரலில் வரும் உரிமையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது நன்றி, நான் கற்பிக்கும் முறைக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒரு கணக்கு வாத்தியாருக்கு எழுதும் கடிதத்தில் கணக்கு இல்லாமல் போகக் கூடாது.

'ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி.' இந்த ஒரு வரியைத்தான் காலகாலமாகப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். வரியில் தவறு ஏதும் இல்லை. ஆனால் வகுத்தல் இன்னும் கைக்கு வராத பிள்ளைக்கு அந்த வரி வெறும் சத்தம். 12இன் காரணிகளைச் சொல்லச் சொன்னால் 1, 2, 3 வரை வந்து, பிறகு என் முகத்தைப் பார்க்கும். காரணிகளைக் கேட்டால் மடங்குகளையும், மடங்குகளைக் கேட்டால் காரணிகளையும் சொல்லும். உங்கள் நூல்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: முதலில் கைக்கு வேலை, அப்புறம் கண்ணுக்கு, கடைசியாக வாய்க்கு. வரையறையைப் பிள்ளையே ஒருநாள் சொல்லட்டும். அதுவரை நாம் வாயைத் திறக்க வேண்டாம்.

அதனால் எங்கள் வகுப்பில் காரணிகள் புளியங்கொட்டையில் தொடங்கும். ஆளுக்கு 12 கொட்டை. தரையில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கை இருக்க வேண்டும். ஒன்றுகூட வெளியே நிற்கக் கூடாது. விதி அவ்வளவுதான். ஒருத்தி நாலு நாலாக மூன்று வரிசை வைப்பாள், பக்கத்தில் இருப்பவன் ஆறு ஆறாக இரண்டு. ஒரே நீளமாக 12ஐயும் வைத்துவிட்டு 'இது செல்லுமா' என்று பார்ப்பவனும் இருப்பான். செல்லும். 1, 12; 2, 6; 3, 4. ஜோடி ஜோடியாகக் கரும்பலகையில் எழுதிவிட்டால் 12இன் ஆறு காரணிகளும் வந்தாயிற்று, யாரும் வகுக்கவே இல்லை.

அடுத்து 13 கொட்டை கொடுப்பேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். எல்லா விதத்திலும் அடுக்கிப் பார்த்த ஒரு பையன், கடைசியில் ஒரு கொட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, "இது எக்ஸ்ட்ரா வந்துடுச்சு டீச்சர், எடுத்துக்கோங்க" என்றான். எடுத்துக்கொள்ளவில்லை. அவனும் விடவில்லை. ஒற்றை வரிசையைத் தவிர வேறு எதற்கும் 13 வராது என்று அவனாகவே ஒப்புக்கொண்ட பிறகுதான் 'பகா எண்' என்ற சொல்லை எழுதினேன். அதன் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் அந்தச் சொல்லை விளக்க வேண்டியிருக்கவில்லை.

காசிமேட்டில் மீன் விற்கும் வீட்டுப் பெண் ஒருத்தி இந்தப் பாடத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓடுவாள். அவளுக்குக் கூறு தெரியும். கானாங்கெளுத்தியைத் தட்டில் கூறு கட்டி வைக்கும்போது எல்லாக் கூறும் ஒன்றுபோல இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்குகிறவர் சண்டைக்கு வருவார். "பத்தொம்போது மீன் இருந்தா எங்கம்மா ஒண்ண வீட்டுக்கு எடுத்து வச்சிடும் டீச்சர். மீதிய மும்மூணா ஆறு கூறு போட்டுடும்" என்றாள். 19 பகா எண் என்று யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை. அதைக் கையாளும் வழி மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளிக்கூடம் செய்ய வேண்டியது, அவர் கைக்குத் தெரிந்ததை மகளின் நோட்டில் எழுத வைப்பதுதான்.

கொட்டையிலிருந்து காகிதத்துக்கு வரும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: 'எது வரைக்கும் தேடணும் டீச்சர்?' 60இன் காரணிகளைத் தேட 60 வரை போகவேண்டியதில்லை. 7 வரை பார்த்தால் போதும். 7ஐ 7ஆல் பெருக்கினால் 49, 8ஐ 8ஆல் பெருக்கினால் 64. ஜோடியில் இரண்டு பேருமே 8ஐ எட்டினால் பெருக்கல் 60ஐத் தாண்டிவிடும். ஆகவே ஒவ்வொரு ஜோடியிலும் சின்னவர் 7க்குள் அகப்பட்டாக வேண்டும். 1, 2, 3, 4, 5, 6 ஆகிய ஆறும் அகப்படுகின்றன. அவற்றின் ஜோடிகள் 60, 30, 20, 15, 12, 10. மொத்தம் 12. இதை நான் சொல்லிக்கொடுத்தால் பத்து நிமிடம். பிள்ளைகளே கண்டுபிடிக்க விட்டால் இரண்டு பீரியட் போகும். போகட்டும் என்று விடும் துணிவு எனக்கு உங்களால் வந்தது. 36க்கு வரும்போது 6க்கு ஜோடி 6தான் என்று பார்த்துவிட்டு, "இதுக்கு மட்டும் ஏன் டீச்சர் ஒத்தப்படையா வருது?" என்பார்கள். 4, 9, 16, 25 என்று அவர்களே திரும்பிப் போய் எண்ணுவார்கள். சதுரமாக அடுக்க முடிகிற எண்களுக்கு மட்டுமே காரணிகள் ஒற்றைப்படை.

இந்த இடத்தில்தான் ராமானுஜன் வகுப்புக்குள் வருகிறார்.

ராமானுஜன் என்றால் 1729, டாக்ஸி, ஹார்டி என்று மேடைதோறும் சொல்லப்படும் கதையைப் பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளை கையில் எடுத்து விளையாடக்கூடிய ராமானுஜன் அங்கே இல்லை. 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியான அவருடைய நீண்ட கட்டுரையில் இருக்கிறார். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து நெவாசா கப்பலில் ஏறியவர் அடுத்த ஆண்டே அச்சிட்டது அது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் அந்தக் கட்டுரைக்காகத்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் ஒரு கேள்வியில் அது தொடங்குகிறது: தனக்கு முன்னால் வந்த எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளை உடைய எண்கள் எவை?

எங்கள் வகுப்பில் இதைப் போட்டியாக வைப்போம். சுவரில் 1 முதல் 100 வரை ஒரு பட்டியல். ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை காரணி என்று குழுக்களாகப் பிரிந்து கண்டு எழுத வேண்டும். சாதனையை முறியடிக்கும் எண்ணுக்குச் சிவப்பு வட்டம். 1, 2, 4, 6 என்று வட்டங்கள் விழும். 12க்கு ஆறு காரணி. அதை முறியடிக்க 24 வரை காத்திருக்க வேண்டும், அதற்கு எட்டு. 36க்கு ஒன்பது, 48க்குப் பத்து, 60க்குப் பன்னிரண்டு. அதற்கு மேல் பிள்ளைகள் எவ்வளவு ஆர்வமாக ஓடினாலும் 100 வரை இன்னொரு சிவப்பு வட்டம் கிடைக்காது. 72, 84, 90, 96 நான்கும் 60ஐத் தொட்டுவிட்டு நின்றுவிடும், தாண்டாது. 'நூறுக்கு மேல பாக்கலாம் டீச்சர்' என்று அவர்களே கேட்கும்போதுதான் பாடம் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். 120இல் 16 காரணிகளோடு சாதனை உடையும். வகுப்பில் எழும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார்.

இப்படி வட்டம் போட வேண்டிய எண்களைத்தான் ராமானுஜன் அந்தக் கட்டுரையில் பட்டியல் போட்டார். 102 எண்கள். கடைசி எண் 6746328388800. அதற்குக் காரணிகள் 10080. கணிப்பொறி இல்லாத காலம். கையால் கண்ட பட்டியலில் ஒரே ஓர் எண் மட்டும் விடுபட்டுப் போனது: 293318625600. இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். விடுபட்ட அந்த எண்ணை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் வருகிறது என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டினேன். விடுபட்ட எண்ணின் காரணிகள் 5040. 23 என்ற புதிய பகா எண் வந்து சேர்ந்ததும் அது சரியாக இரு மடங்காகி 10080. ஏன் இரு மடங்கு? பழைய காரணி ஒவ்வொன்றையும் அப்படியே ஒரு முறையும், 23ஆல் பெருக்கி ஒரு முறையும் எழுதலாம் அல்லவா. இத்தனை பெரிய எண்ணில் இருப்பதும் புளியங்கொட்டை அடுக்கில் பார்த்த அதே விஷயம்தான்.

ராமானுஜனின் எண்களில் 2 நிறைய முறை வரும், 3 அதைவிடக் குறைவாகவோ சமமாகவோ வரும், 5 அதற்கும் மேல் வராது. இந்த ஒழுங்கையும் பிள்ளைகள் காரணத்தோடு பிடித்துக்கொள்கிறார்கள். 18 என்பது 2 × 3 × 3, ஆறு காரணி. அதில் ஒரு 3ஐ எடுத்துவிட்டு 2 வைத்தால் 2 × 2 × 3, அதாவது 12. அதற்கும் ஆறுதான். சின்ன எண்ணிலேயே ஆறு கிடைக்கும்போது 18 எப்படிச் சாதனை படைக்கும்? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் ஒரு டிரெய்லர் ஓட்டுநரின் மகள். ராமானுஜன் நிறுவிய முடிவுகளில் ஒன்றின் வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள், சார். அதை அவளிடம் சொன்னேன்.

அந்தக் கட்டுரையை முழுதாக அச்சிட அப்போது வசதிப்படாமல் ஒரு பகுதி கையெழுத்தாகவே கிடந்து, 1997இல்தான் வெளிவந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். 82 ஆண்டு. அவ்வளவு நாள் ஒரு தாள் காத்திருக்கும் என்பதை அவர்களால் நம்ப முடிவதில்லை.

உங்கள் 'நம்பர் ஃபன் வித் எ கேலண்டர்' நூலுக்கும் தனியாக ஒரு நன்றி. பிள்ளைக்கு ஆளுக்கொரு புத்தகம் வாங்க முடியாத பள்ளியிலும் மளிகைக் கடை கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று சுவரில் தொங்கும். அதிலேயே கணக்கு இருக்கிறது என்று பெயரிலேயே சொல்லிவிட்டீர்கள். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைச் சுற்றிச் சதுரம் போடச் சொல்வேன். 8, 9, 10; அடுத்த வாரம் 15, 16, 17; அதற்கடுத்த வாரம் 22, 23, 24. கூட்டினால் 144. நடுவில் இருக்கும் 16ஐ 9ஆல் பெருக்கினாலும் 144. எந்த மாதத்தில், எந்தச் சதுரத்தை எடுத்தாலும் கூட்டுத்தொகைக்கு 9 காரணியாக இருக்கும், நடு எண்ணும் காரணியாக இருக்கும். பக்கத்து எண்கள் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்வதை அவர்கள் தாமாகப் பார்க்கும்வரை நான் பேச மாட்டேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கண்டெய்னர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடம் இயல்பாகவே அமைகிறது. 24 காலித் தீப்பெட்டிகளைக் கொடுத்து, யார்டில் அடுக்குவதுபோல நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அடுக்கச் சொல்வேன். 2, 3, 4 என்று ஒரு அடுக்கு. 2, 2, 6 என்று இன்னொன்று. ஒற்றை ஆளாக 24 உயரத்துக்கு ஏற்றப் பார்த்து எல்லாம் சரிந்து விழுவதும் உண்டு. மூன்று எண்களாக 24ஐப் பிரிக்க ஆறு வழி இருக்கிறது. ஆறையும் கண்டுபிடித்த குழு, ஒவ்வொன்றையும் இனி பிரிக்கவே முடியாத அளவுக்குப் பிரித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் மூன்று 2, ஒரு 3 மட்டுமே மிஞ்சுவதைக் காணும். எந்த வழியில் போனாலும் முடிவில் அதே நாலு பேர். பகாக் காரணிப்படுத்தல் என்ற நீளமான தலைப்பை மேல் வகுப்பில் அவர்கள் பார்க்கும்போது அது பழகிய முகமாக இருக்கும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கால்குலேட்டர் இருக்கிறதே என்பார்கள். ஐந்தாம் வகுப்பில் காரணி பிடிபடாத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் பின்னத்தைச் சுருக்கத் தெரியாது, மீப்பெரு பொதுக் காரணியும் மீச்சிறு பொது மடங்கும் வெறும் எழுத்துச் சுருக்கங்களாக நிற்கும், எட்டாம் வகுப்பில் இயற்கணிதக் கோவையைக் காரணிப்படுத்தச் சொன்னால் கணக்கே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடும். வடசென்னையில் அப்படி முடிவெடுக்கும் பிள்ளைக்கு அதற்கப்புறம் திறந்திருக்கும் கதவுகள் எத்தனை குறைவு என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பாலிடெக்னிக் இடம், துறைமுகத்தில் ஒரு டெக்னீஷியன் வேலை, மணலியிலும் எண்ணூரிலும் இருக்கும் ஆலைகளில் ஹெல்பருக்கு மேலே ஒரு படி: எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. அதனால் நான் இந்தப் பாடத்தை அவசரமாக முடிக்க மறுக்கிறேன். அப்படி மறுப்பது சரிதான் என்று ஓர் ஆசிரியர் வாழ்நாளெல்லாம் நின்று காட்டியிருக்கிறார் என்ற தெம்பு எனக்கு இருக்கிறது.

அமெரிக்காவிலும் நைஜீரியாவிலும் பாடம் நடத்திய நீங்கள் அங்கேயே இருந்திருக்கலாம். திரும்பி வந்து, ராயபுரத்துச் சந்தில் பிள்ளைகளுக்காகக் கதவைத் திறந்துவைத்தீர்கள். அந்தச் சந்துக்குத் தங்கள் வகுப்பை அழைத்துப் போகும் ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. ராமானுஜனின் படங்களையும் கடித நகல்களையும் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் அவருடைய கையெழுத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். 'நம்மள மாதிரியே அடிச்சு அடிச்சு எழுதிருக்காரு' என்பார்கள். உங்களுக்கு என் நன்றி, அவர்களின் நன்றி இரண்டும்.

கடைசியாக இதை வாசிக்கும் வடசென்னைத் தலைமை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித நாள். அன்றைக்கு மாறுவேடப் போட்டி வைத்து, பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டிப் படம் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பிடி புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து, வரிசை பிசகாமல் அடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். விடையை மட்டும் நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.


திருவொற்றியூர்த் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருத்தி